‘திருட்டு’ எனும் சொல்லாடல்: பதிப்புரிமையும் தணிக்கையும்

1

‘திருட்டு விசிடி’ என்ற தொடரை நாம் யோசிக்காமலே சொல்லிப் பழகியிருக்கிறோம். தமிழில் ‘திருட்டு’ என்கிற அடைமொழிக்கு இரண்டு பொருள் உண்டு. ‘திருட்டு மாங்காய்’ என்றால் ஒருத்தன் தோப்பிலிருந்து காய் போய்விட்டது, அவனுக்கு நட்டம். ‘திருட்டு தம்’ என்றால் யாருக்கும் எதுவும் போகவில்லை, பெரியவர்கள் கண்ணில் படாமல் நடந்தது, அவ்வளவுதான். முதல் பொருள் உடைமை சார்ந்தது. இரண்டாவது பொருள் அதிகாரம் சார்ந்தது: அனுமதி இல்லாமல் செய்த காரியம். திருட்டு விசிடி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிரதி எடுத்தவனிடம் ஒன்று கூடியிருக்கிறது, எடுக்கப்பட்டவனிடம் இருந்தது இருந்தபடியே இருக்கிறது. அவனுக்கு வரவேண்டிய காசு வராமல் போயிருக்கலாம், அது வேறு கணக்கு. சட்டமோ இந்த இரட்டைப் பொருளில் மாங்காயை மட்டும் பிடித்துக்கொண்டு, தம் அடித்ததற்கான தண்டனையையும் சேர்த்துக் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல் இன்னும் பயங்கரமானது, கடற்கொள்ளை. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் அனுமதியின்றி அச்சடித்தவர்களுக்குப் புத்தக வியாபாரிகள் வைத்த பெயர் அது.

ஒரு சொல்லை யார் வைத்தார்கள், யாருக்கு எதிராக வைத்தார்கள் என்று கேட்பது நம் வட்டாரத்தில் புதிதில்லை. சாதிப் பெயர்களையும் ‘ஒழுக்கம்’ என்ற சொல்லையும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தோம். ‘திருட்டு’ என்ற இந்தச் சொல்லை மட்டும் ஏனோ சட்டம் சொன்னபடியே எடுத்துக்கொண்டோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல முயல்வது ஒன்றுதான். பிரதி எடுப்பதைத் தடுக்கும் சட்டமும் பேச்சைத் தடுக்கும் சட்டமும் ஒரே வயிற்றில் பிறந்தவை. படைப்பாளியின் பெயர் அதில் பின்னால் கொண்டுவந்து ஒட்டப்பட்டது. ஒட்டியவர்கள் வியாபாரிகள். இன்று இணையத்தின் பேரால் வருகிற சட்டங்களைப் படிக்க இந்தப் பிறப்பு வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

2

1557இல் இங்கிலாந்தின் மேரி அரசி லண்டனின் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற அச்சக-புத்தக வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு பட்டயம் கொடுத்தார். நாட்டில் யாரெல்லாம் அச்சடிக்கலாம் என்பது ஏறத்தாழ அந்தச் சங்கத்து உறுப்பினர்களோடு முடிந்தது. மேரி கத்தோலிக்கர். புராட்டஸ்டண்ட் துண்டுப் பிரசுரங்கள் அவருக்குத் தலைவலி. ஒவ்வொரு அச்சகமாகப் போய்த் தேட அரசாங்கத்திடம் ஆள் கிடையாது. வியாபாரிகளிடம் ஆள் உண்டு, தொழில் போட்டியாளன் எந்தச் சந்தில் அச்சு யந்திரம் வைத்திருக்கிறான் என்ற துப்பும் உண்டு. ஆக ஒரு ஒப்பந்தம்: நீ எனக்காக மதவிரோத நூல்களைத் தேடிப் பிடித்து அழி, நான் உனக்கு ஏகபோகம் தருகிறேன். சங்கத்துப் பதிவேட்டில் ஒரு நூலைத் தன் பேரில் எழுதிவைத்த வியாபாரிக்கு அந்த நூல் காலாகாலத்துக்கும் சொந்தம். எழுதியவனுக்கு அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை.

1662இல் வந்த அச்சு உரிமச் சட்டத்தில் இந்த ஒப்பந்தம் வெளிப்படையாகவே தெரிகிறது. எந்த நூலும் தணிக்கை அதிகாரியின் அனுமதி பெற்றே வரவேண்டும் என்கிற விதியும், ஒருவர் பதிந்த நூலை மற்றவர் அச்சடிக்கக்கூடாது என்கிற விதியும் ஒரே சட்டத்தின் உள்ளே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. தேடுவதற்கான ஆட்களும் ஒரே ஆட்கள்தான். ராஜத்துரோகத்தைத் தேடிப் போகிறவன் போகிற வழியில் வியாபாரப் போட்டியாளனின் பிரதியையும் அள்ளிக்கொண்டு வரலாம்.

அச்சகங்களைக் கண்காணிக்க நியமிக்கப்பட்டவர் ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச். இவர் 1663இல் ஜான் ட்வின் என்ற சிறு அச்சகக்காரனின் வீட்டில் விடிவதற்கு முன் சோதனை போட்டார். கொடுங்கோல் மன்னனை எதிர்த்து மக்கள் ஆயுதம் எடுக்கலாம் என்று பேசிய நூலொன்றின் தாள்கள் கிடைத்தன. அந்த நூலை ட்வின் எழுதவில்லை, கூலிக்கு அச்சுக்கோர்த்தவன். எழுதியவன் பெயரை அவன் கடைசிவரை சொல்லவில்லை. 1664இல் தூக்கிலிட்டு உடலைத் துண்டு போட்டார்கள்.

ஃபூக்கோ 1969இல் ‘ஆசிரியன் என்றால் என்ன?’ என்ற உரையில், ஒரு எழுத்துக்காக ஒருவனைத் தண்டிக்க முடியும் என்ற நிலை வந்தபோதே எழுத்துக்கு ஆசிரியன் என்ற உரிமையாளன் தேவைப்பட்டான் என்கிற பொருளில் பேசினார். தமிழில் ‘ஆசிரியனின் மரணம்’ பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ட்வின் போன்ற அச்சுக்கோர்ப்பவனின் மரணம் பற்றி நாம் அவ்வளவு பேசவில்லை. பிரதியைப் பரப்புகிறவன் ஆசிரியனுக்குப் பதிலாகத் தண்டனை வாங்கிக்கொள்வது அன்றே தொடங்கிவிட்டது. பின்னால் பர்மா பஜாருக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1695இல் உரிமச் சட்டம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. தணிக்கை போனதோடு வியாபாரிகளின் ஏகபோகமும் போனது. சும்மா இருப்பார்களா? பழைய சட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு மனு மேல் மனு போட்டார்கள். எடுபடவில்லை. அப்புறம்தான் பேச்சு மாறியது. எங்கள் நட்டம் என்று சொல்வதை விட்டுவிட்டு, பாவம் எழுத்தாளர்கள், அவர்கள் குடும்பம் நடுத்தெருவுக்கு வருகிறது என்று சொல்லத் தொடங்கினார்கள். இது வேலை செய்தது. 1710இல் வந்த ஆன் அரசியின் சட்டம் முதன்முறையாக எழுத்தாளனை உரிமையாளன் என்றது. புது நூலுக்கு 14 ஆண்டு, எழுத்தாளன் உயிரோடிருந்தால் இன்னொரு 14 ஆண்டு. நல்ல சட்டம்தான், சந்தேகமில்லை. காலவரம்பு விதித்ததே பெரிய காரியம். ஆனால் உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளும் வழி திறந்தே இருந்தது. அச்சு யந்திரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் எழுத்தாளன் போய் நிற்க வேண்டும்.

அப்படி நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு மில்டனை எடுத்துக்கொள்ளலாம். தணிக்கைக்கு எதிராக 1644இல் ‘அரியோபஜிடிகா’ எழுதியவர் அவர். 1667இல் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தை ஒரு அச்சகக்காரருக்கு 5 பவுனுக்குக் கொடுத்தார். முதல் பதிப்பு விற்றதும் இன்னொரு 5. ஆகமொத்தம் கவி கையில் வாங்கியது 10 பவுன். அவர் இறந்தபின் மனைவி 1680இல் மிச்ச உரிமை முழுவதையும் 8 பவுனுக்கு எழுதிக்கொடுத்தார். அடுத்து அதைக் கைமாற்றி வாங்கிய ஜேக்கப் டான்சன் என்ற வியாபாரி அந்தக் காவியத்தால் செல்வந்தரானார். ‘எழுத்தாளனின் பசித்த குடும்பம்’ என்று நாடாளுமன்றத்தில் கண்ணீர் விட்டது இந்த வியாபாரிகளின் வர்க்கம்தான்.

காலவரம்பையும் அவர்கள் லேசில் விடவில்லை. சட்டம் என்ன சொன்னாலும் எங்களுக்கு நிரந்தர உரிமை உண்டு என்று பல பத்தாண்டுகள் வழக்காடினார்கள். 1774இல் மலிவுப் பதிப்பு போட்டு விற்ற அலெக்சாண்டர் டொனால்ட்சன் என்ற ஸ்காட்லாந்துப் புத்தக வியாபாரியின் வழக்கில்தான் பிரபுக்கள் சபை நிரந்தர உரிமை கிடையாது என்று முடித்துவைத்தது. லண்டன் வியாபாரிகள் பார்வையில் டொனால்ட்சன் ஒரு கொள்ளைக்காரன். பொதுவுடைமை நூல் என்று ஒன்றை அந்த நாட்டில் நிலைநிறுத்தியதும் அந்த வழக்குத்தான்.

3

இது வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். அவன் சட்டம்தான் இங்கும் வந்தது. 1914இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கென வந்த பதிப்புரிமைச் சட்டம் 1957 வரை நடந்தது. அதற்கு நாலு வருஷம் முன்பு, 1910இல், பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டம் வந்திருந்தது. இந்த இரண்டு கிடுக்கிகளுக்கும் நடுவே ஒரே படைப்பு மாட்டிக்கொண்ட உதாரணம் நம் கையிலேயே இருக்கிறது: பாரதி.

பாரதியின் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ இரண்டும் 1911இல் தடை செய்யப்பட்டன. அவர் 1921இல் இறந்தார். 1922இல் செல்லம்மா பாரதி ‘பாரதி ஆச்சிரமம்’ என்று தொடங்கிக் கணவரின் நூல்களை வெளியிடப் பார்த்தார். பணம் இல்லாமல் அது தடுமாறியது. உரிமை பிறகு குடும்பத்துக்குள் கைமாறியது. 1928இல் பர்மா அரசு பாரதியின் பாடல்களுக்குத் தடை போட, சென்னை மாகாண அரசும் பின்னாலேயே தடை போட்டுப் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் இதைக் கண்டித்துப் பேசினார்.

பிறகு சினிமாவும் இசைத்தட்டும் வந்தன. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனியே ஒரு வியாபாரிக்கு விற்கப்பட்டு, அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பனிடம் போய்ச் சேர்ந்தது. பாரதி பாட்டை இன்னொரு படத்தில் பாடினால் நோட்டீஸ் வரும் நிலைமை. 1948இல் வெளிவந்த ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே. சண்முகம் சகோதரர்கள் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது இந்தச் சிக்கல் தெருவுக்கு வந்தது. எழுத்தாளர்கள் ‘பாரதி விடுதலைக் கழகம்’ அமைத்தார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது 1949இல் சென்னை அரசு உரிமையை ஏற்றது. சில ஆண்டுகள் கழித்து, யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று திறந்துவிட்டது. மெய்யப்பன் தன்னிடமிருந்த உரிமையைக் காசு வாங்காமல் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, ‘விடுதலை’ என்ற அந்தச் சொல். 1928இல் போலீஸ் கையிலிருந்து விடுபட வேண்டியிருந்த பாட்டு, இருபது வருஷம் கழித்து விற்பனைப் பத்திரத்திலிருந்து விடுபட வேண்டியிருந்தது. பாடுகிறவனுக்கு இரண்டு பூட்டும் ஒரே பூட்டாகத்தான் தெரிந்தது, அதனால்தான் கழகத்துக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். இரண்டு முறையும் பாரதி எழுதியதைக் கொண்டு பாரதியின் குடும்பம் பெரிதாக வாழ்ந்துவிடவில்லை.

4

இனி இணையம். இதன் சட்டங்கள் முதலில் எழுதப்பட்டது வாஷிங்டனில் என்பதால் அங்கே போய்வர வேண்டியிருக்கிறது.

1998இல் அமெரிக்கா இரண்டு சட்டங்களை ஒரே மாதத்தில் இயற்றியது. ஒன்று, பதிப்புரிமைக் காலத்தை இன்னும் 20 ஆண்டு நீட்டியது. நிறுவனங்களின் படைப்புகளுக்கு 95 ஆண்டு. 1928இல் வெளிவந்த மிக்கி மவுஸின் முதல் படம் இதனால் 2024 ஜனவரி 1 வரை டிஸ்னியின் உடைமையாக நீடித்தது. மற்றது, டிஜிட்டல் மில்லேனியம் காப்பிரைட் ஆக்ட். இதன் உள்ளே ஒரு விதி: பயனர்கள் போட்டதற்கு இணையதளம் பொறுப்பாகாது. ஆனால் உரிமையாளர் புகார் கொடுத்ததும் தளம் உடனே எடுத்துவிட வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்று பாருங்கள். புகார் வந்ததும் எடுத்துவிட்டால் தளத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லை. எடுக்காமல் விசாரித்துக்கொண்டிருந்தால் வழக்கு வரலாம். எந்தக் கம்பெனி விசாரிக்கும்? போட்டவன் எதிர்ப்புக் கடிதம் அனுப்பித் தன் நியாயத்தை நிரூபிக்க வேண்டும். நீதிபதி என்ற ஆளே இல்லாமல் தீர்ப்பு மட்டும் நடக்கிறது. 1557இல் அரசாங்கம் செய்ய முடியாத தேடுதல் வேலையை வியாபாரிகளிடம் கொடுத்தது போல, இங்கே நீதிமன்றம் செய்ய வேண்டிய வேலை கம்பெனிகளிடம் போனது.

இதுவும் போதாது என்று 2011இல் ‘சோப்பா’ என்று சுருக்கிச் சொல்லப்பட்ட இணையத் திருட்டுத் தடுப்பு மசோதா வந்தது. வெளிநாட்டுத் தளம் ஒன்று திருட்டுத் தளம் என்று சொல்லி ஆணை வாங்கிவிட்டால், இணைப்புத் தரும் கம்பெனி அதன் முகவரியை முடக்க வேண்டும். தேடுபொறி அதைக் காட்டக்கூடாது. பணம் செலுத்தும் வழியும் விளம்பரமும் நிறுத்தப்பட வேண்டும். ஆலிவுட் கம்பெனிகளும் இசைக் கம்பெனிகளும் இதன் பின்னால் நின்றன. ஒவ்வொரு அறிக்கையிலும் ‘படைப்பாளிகள்’ என்ற சொல். 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிபீடியா 24 மணி நேரம் தன்னை இருட்டடிப்புச் செய்துகொண்டது. ஆயிரக்கணக்கான சிறு தளங்களும் அதோடு சேர்ந்தன. இரண்டு நாளில் மசோதா கிடப்பில் போடப்பட்டது.

இந்த வெற்றியைக் கொண்டாடுவதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். எதிர்த்தவர்களில் கூகுள் போன்ற பெருங்கம்பெனிகளும் உண்டு. பழைய முதலாளிக்கும் புது முதலாளிக்கும் நடந்த சண்டையில் சின்ன ஆட்களின் குரல் புது முதலாளிக்கு உதவியது என்றும் இதைப் படிக்கலாம். 1710இல் பழைய வியாபாரிகள் எழுத்தாளனின் பேரைச் சொன்னார்கள். 2012இல் ஒரு தரப்பு ‘படைப்பாளி’ என்றது, மறு தரப்பு ‘பயனர்’ என்றது. இரண்டு பேரும் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரவில்லை.

5

அமெரிக்காவில் அவ்வளவு சத்தம் போட்டும் கொண்டுவர முடியாததை, அதே 2012இல், நம் ஊரில் சத்தமில்லாமல் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு முன் 2004இல் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது 1982ஆம் ஆண்டுச் சட்டம். அதன் முழுப்பெயரே ஒரு பட்டியல்: கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் குற்றவாளி, வனக் குற்றவாளி, குண்டர் என்று போகும். 2004இல் ஜெயலலிதா அரசு இந்தப் பட்டியலில் ‘வீடியோ திருடர்’களைச் சேர்த்தது. இதன் பொருள் என்ன? பதிப்புரிமைச் சட்டத்தின்படி வழக்கு நடத்திக் குற்றத்தை நிரூபித்தால் அதிகபட்சம் 3 ஆண்டு தண்டனை. குண்டர் சட்டத்தின்படி நிரூபிக்க வேண்டியதே இல்லை. ‘பொது ஒழுங்குக்கு ஆபத்து’ என்று காவல்துறை சொன்னால், விசாரணையில்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ஒரு சினிமாக் கம்பெனியின் வசூல் பிரச்சினை பொது ஒழுங்குப் பிரச்சினையாக மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. இந்த மொழிபெயர்ப்பில்தான் 1662 மறுபடி உயிர் பெறுகிறது. வியாபாரியின் நட்டமும் ராஜத்துரோகமும் ஒரே சட்டத்தில்.

பட்டியலில் யார் பக்கத்தில் யாரை உட்காரவைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சாராயம், காடு, குடிசை என்று அதில் வரும் இடங்கள் எல்லாமே ஏழைகள் புழங்கும் இடங்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் பிழைப்புக்காகப் போட்ட நடைபாதைக் கடைகளிலிருந்து உருவான பர்மா பஜாரும் அந்த வகை இடம்தான். கேமரா பிரிண்ட் எடுக்க உள்ளே விட்டவன், மாஸ்டர் பிரதியைக் கசியவிட்டவன், வெளிநாட்டில் சர்வர் வைத்திருப்பவன் எல்லாம் ரெய்டில் அகப்படுவதில்லை. முப்பது ரூபாய்க்குத் தட்டு விற்ற பையன் அகப்படுகிறான். ட்வின் எழுதாத நூலுக்காகத் தொங்கியவன், இவன் எடுக்காத பிரதிக்காக உள்ளே போகிறவன்.

2012க்கு வருவோம். ‘3’ படத்தின் தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு ஆணை வாங்கியது. எதிராளி யார் என்று தெரியாதபோது கற்பனைப் பெயர் ஒன்றைப் போட்டு வழக்குத் தொடுப்பது உண்டு. வெளிநாட்டில் அந்தப் பெயர் ஜான் டோ, இந்திய நீதிமன்றங்களில் அசோக் குமார். இன்னும் குற்றமே செய்யாத, யாரென்றே தெரியாத அசோக் குமாருக்கு எதிராக முன்கூட்டியே தடையாணை. அசோக் குமார் வந்து வாதாட முடியாது, ஏனென்றால் அவர் இல்லை. ஆணை கைக்கு வந்ததும் இணைப்புத் தரும் கம்பெனிகள், நமக்கேன் வம்பு என்று, அந்த மே மாதத்தில் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற தளங்களை முழுசாகவே மூடின. விமியோ என்பது குறும்பட இயக்குநர்களும் ஆவணப்பட ஆட்களும் தங்கள் சொந்தப் படங்களைப் போட்டுவைக்கும் இடம். ஒரு சினிமாவின் வசூலைக் காப்பாற்ற நூற்றுக்கணக்கான சிறு படைப்பாளிகளின் கொட்டகை பூட்டப்பட்டது. அவர்கள் யாரும் வழக்கில் தரப்பினர் இல்லை. அவர்களுக்கு நோட்டீஸும் இல்லை. இணைப்புக் கம்பெனிகள் திரும்பக் கேட்ட பிறகு, ஜூன் மாதம் நீதிமன்றம், குறிப்பிட்ட முகவரியை மட்டும் முடக்கினால் போதும், முழுத் தளத்தை வேண்டாம் என்று தெளிவுபடுத்தியது. இதில் ஒரு வேடிக்கை. அந்தப் படத்தின் ‘ஒய் திஸ் கொலைவெறி’ பாட்டு உலகம் சுற்றியதே இணையத்தில் ஆளுக்கு ஆள் பகிர்ந்ததால்தான்.

தெளிவுபடுத்தியதோடு முடிந்ததா? 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே உயர்நீதிமன்றத்தில் ஆணைகள் வாங்கப்பட்டன. முடக்கப்பட வேண்டிய தளங்களின் பட்டியல் 2,600ஐத் தாண்டியது. பட்டியலைத் தயாரித்தது தயாரிப்பாளர் தரப்பு. அதற்குள் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச நூலகமும் இருந்தது. பழைய தமிழ் நூல்கள், நின்றுபோன இதழ்கள், இணையத்தில் அழிந்துபோன பக்கங்களின் பழைய பிரதிகள் எல்லாம் இருக்கிற இடம் அது. தமிழ் ஆய்வு செய்கிற எவருக்கும் அதன் அருமை தெரியும். இந்தியாவில் அது திறக்கவில்லை. அந்த இரண்டு படங்களில் ஒன்று ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’. அதே ஆண்டின் தொடக்கத்தில் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்து, மேல்முறையீட்டில் போராடி வெளிவந்த படம். தணிக்கைக்கு இரையான ஒரு படத்தின் பேரால் ஒரு நூலகம் மூடப்பட்டது. இதில் அந்த இயக்குநரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவருடைய பெயரை வைத்துக்கொண்டு இயங்குகிற யந்திரம் அவருடையதில்லை, பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

6

அதெல்லாம் சரி, பிரதி எடுப்பதால் சின்ன ஆட்களுக்கு நட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. இதை மழுப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முந்நூறு பிரதி அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் சிறு பதிப்பாளரின் புத்தகம் மறுமாதமே பிடிஎஃப் ஆக டெலிகிராமில் சுற்றுகிறது. மொழிபெயர்ப்பாளர் இரண்டு வருஷம் உழைத்த நூல் அது. ‘அறிவு பொதுச்சொத்து’ என்று அவரிடம் போய்ச் சொல்வது அயோக்கியத்தனம். எங்கள் தலைமுறை தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளை ஜெராக்ஸில்தான் படித்தது, எம்.ஏ. வகுப்பில் பாதிப் புத்தகம் ஜெராக்ஸ்தான். அது கிடைக்காத நூலுக்குக் கண்ட வழி. கடையில் கிடைக்கிற நூலை, வாழுகிற எழுத்தாளனின் நூலை, சும்மா சுற்றவிடுவது அந்தக் கணக்கில் வராது.

ஆனால் இந்தச் சிறு பதிப்பாளருக்கு மேலே சொன்ன சட்டங்களில் எது உதவுகிறது? உயர்நீதிமன்றத்துக்குப் போய் அசோக் குமார் மேல் வழக்குப் போட அவரிடம் காசு கிடையாது. அவருக்காக யாரையும் குண்டர் சட்டத்தில் போடப்போவதில்லை, போடவும் வேண்டாம். குண்டர் சட்டத்தின் அந்த விதியே சினிமாவையும் ஒலிப்பதிவையும் பற்றித்தான் பேசுகிறது. புத்தகம் அதில் இல்லை. அவர் செய்வதெல்லாம் குழு நடத்துகிறவனுக்குப் போன் போட்டு, தம்பி எடுத்துடுப்பா என்று கெஞ்சுவதுதான்.

உரிமைக்காரனே சொல்லியும் கேட்காத நேரம் உண்டு. 2012இல் தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை ஒன்றின் மேல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட மூன்று பெரும் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. எங்கள் நூல்களுக்காக மாணவர்கள் மேல் இப்படி வழக்கு வேண்டாம் என்று அமார்த்திய சென் உள்ளிட்ட ஆசிரியர்கள் கடிதம் எழுதினார்கள். பதிப்பகங்கள் கேட்கவில்லை. 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் கல்விக்காகப் பிரதி எடுப்பது விதிமீறல் ஆகாது என்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. ஆசிரியன் பேரால் வந்த வழக்கில் ஆசிரியனின் பேச்சுக்கு மதிப்பில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பிரதியே எடுக்காதவனுக்கும் அடி விழுகிறது. எனக்குத் தெரிந்த கூத்துக்காரர் ஒருவர் தன் ஊர்க் கோயில் கொடையில் பெண்கள் பாடிய கும்மியைச் செல்போனில் பதிவு செய்து ஒரு காணொளித் தளத்தில் போட்டார். அந்த மெட்டை எப்போதோ ஒரு சினிமா எடுத்துக்கொண்டிருந்தது. தளத்தின் தானியங்கி முறை இரண்டையும் ஒப்பிட்டு, இது ஒரு இசைக் கம்பெனியின் உடைமை என்று அறிவித்தது. அதில் வரக்கூடிய சில்லறை கம்பெனிக்குப் போய்விடும். ‘எங்காத்தா பாடுன பாட்டுக்கு அவன் எப்படித் தம்பி சொந்தக்காரனாவான்?’ என்று என்னிடம் கேட்டார். சட்டத்தில் பதில் இருக்கிறது: ஆத்தாவுக்குப் பெயர் இல்லை, ஒப்பந்தம் இல்லை, பதிவேடு இல்லை. லண்டன் பதிவேட்டில் மில்டனுக்கு இல்லாத இடம் இங்கே கும்மிக்காரிகளுக்கு இல்லை.

படைப்பாளியை உண்மையில் காப்பாற்றும் சட்டம் எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 1977இல் உச்சநீதிமன்றம் சினிமாப் பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பளித்த பின், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒரே தொகையோடு எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டருக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போது வரும் ராயல்டியில் அவர்களுக்குச் சம பங்கு, அந்தப் பங்கை அவர்களே நினைத்தாலும் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்க முடியாது. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காகப் பேசினார். விமியோ மூடிக்கிடந்த அதே மே மாதம்தான் இது நிறைவேறியது. இரண்டுமே ‘படைப்பாளி நலன்’ என்றுதான் சொல்லப்பட்டன. ஒன்று படைப்பாளிக்கும் அவரை வேலை வாங்குகிறவருக்கும் இடையிலான உறவைத் தொட்டது, மற்றது தொடவே இல்லை. எந்தச் சட்டத்தையும் இந்த ஒரு கேள்வியை வைத்துச் சோதிக்கலாம்.

7

2023இல் திரைப்படச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம், அதிகம் 3 ஆண்டு சிறை, அபராதம் 3 லட்சம் ரூபாயிலிருந்து படத்தின் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை. அந்த நவம்பரில் மத்திய அரசு, இணையத்தில் சுற்றும் திருட்டுப் படங்கள் பற்றிய புகார்களைப் பெற்று, 48 மணி நேரத்துக்குள் அவற்றை முடக்கச் சொல்ல அதிகாரிகளை நியமித்தது. நீதிமன்றத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை. அந்த அதிகாரிகள் யார்? செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்திலும், திரைப்படத் தணிக்கை வாரியத்தின் மும்பைத் தலைமையகத்திலும் மண்டல அலுவலகங்களிலும் இருப்பவர்கள்.

தணிக்கை செய்கிற கைக்கே பிரதியைத் தேடிப் பிடிக்கும் வேலையும் வந்து சேர்ந்துவிட்டது. 1662இல் லண்டனில் ஒன்றாக இருந்து, 1695இல் பிரிந்தவை மறுபடி ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஏற்கெனவே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் சொல்லித் தளங்களை முடக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அந்த நடவடிக்கைகள் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்பதே விதி. முடக்கும் பொறி சினிமாக்காரர் கேட்டாலும் ஒன்றுதான், உள்துறை கேட்டாலும் ஒன்றுதான். முன்னதற்குப் பழகிய சமூகம் பின்னதைக் கேள்வி கேட்பதில்லை.

இந்த விவாதத்தில் நாம் எங்கே நிற்பது? ‘எல்லாம் இலவசம்’ என்கிற நடுத்தரவர்க்கக் குஷியோடு நிற்க முடியாது, அதன் லாபம் மேடை வைத்திருக்கும் கம்பெனிக்குப் போகிறது. ‘திருட்டை ஒழிப்போம்’ என்கிற தயாரிப்பாளர் கோஷத்தோடும் நிற்க முடியாது. குறைந்தபட்சம் சிலவற்றைக் கேட்கலாம். குண்டர் சட்டப் பட்டியலிலிருந்து ‘வீடியோ திருடர்’ நீக்கப்பட வேண்டும், வழக்கு நடத்தி நிரூபிக்க முடியாத குற்றத்துக்குச் சிறை கூடாது. எதிர்த்தரப்பே இல்லாமல் தரப்படும் முடக்க ஆணைகளின் பட்டியல் வெளியிடப்பட வேண்டும். தவறாக முடக்கப்பட்டவருக்குப் பட்டியல் கொடுத்தவர் ஈடு கட்ட வேண்டும். ஊர்ப்பாட்டுக்கு எவரும் உடைமை கொண்டாட முடியாது என்று சட்டத்தில் எழுத வேண்டும். பாடலாசிரியருக்கு 2012இல் கிடைத்த பாதுகாப்பு மொழிபெயர்ப்பாளருக்கும் குறும்படக்காரருக்கும் வர வேண்டும்.

நம் எழுத்தாளர் சங்கங்கள் இவற்றில் ஒன்றைக்கூடப் பேசி நான் கேட்டதில்லை. அடுத்த திருத்தம் வரும்போதும் மசோதாவின் முதல் பக்கத்தில் நம் பெயர் இருக்கும், இரண்டாவது பக்கத்திலிருந்து யார் பெயர் இருக்கிறது என்பதைச் சங்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாக வேண்டும்.